கொடுக்கிற புரோகிராம்

புளியந்தீவில் நான் வேலை பார்த்த இன்டர்நெட் கடைக்கு, சண்டை நடந்த காலத்தில், வாகரை என்ற கடலோர ஊர்க்காரர் ஒருவர் வருவார். தெருவில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலே உள்ளங்கையால் திரையை மூடிவிடுவார்.

எல்லோரும் பாட்டும் படமும் வேகமாக எடுக்கிற புரோகிராம் எது என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

"எடுக்க இல்ல மனே, குடுக்க. இந்தக் கம்ப்யூட்டர் போனாலும் அழியாம இரிக்கணும்."

கையிலிருந்த சீடியில் ஊர்க் கோயில் திருவிழா வீடியோ. அதில் சிரித்தவர்களில் பாதிப்பேரைச் சுனாமி கொண்டுபோயிருந்தது.

"ஆராவது எடுத்தா அவங்கட கம்ப்யூட்டர்லயும் இரிக்கும் அண்ணன். ஆனா ஆர் எடுப்பாங்க எண்டு நமக்குத் தெரியாது."

அவர் முகம் வெளிறியது.

"கடல் விட்டுவெச்ச பொடியன்மாரும் இதில நிக்கிறாங்க. மோட்டார் சைக்கிள்ல வாறவங்க அவங்களத் தேடுறாங்களே."

சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, போடு" என்றார்.

எடுப்பவரிடமிருந்து அடுத்தவரும் எடுக்கக்கூடிய புரோகிராமாகப் பார்த்து, அதில் திருவிழாவைப் போட்டேன். நாள்தோறும் வந்து பார்த்தார், ஒருவரும் எடுக்கவில்லை. ஒருநாள் முதல் அவரும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் யாரோ எடுக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரா, பொடியன்மாரைத் தேடுபவர்களா? திரையில் தெரிந்தது ஒரு பட்டப்பெயர் மட்டும்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்தது. என் உள்ளங்கை திரையை மூடியிருந்தது.