பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் ஜெர்க்

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் தமது பத்தொன்பது வருடப் பணிக்காலத்தில் ஓர் ஆட்டுக்குட்டியின் மீதுகூட வண்டியை ஏற்றியதில்லை. வண்டிக்கு வெளியே இருந்த ஜீவராசிகள் அனைத்தும் சௌக்கியம். உள்ளே இருந்தவர்கள் கதைதான் வேறு. பற்கள் எட்டு, மூக்கெலும்பு மூன்று, விலா எலும்பு ஒன்று. உடைந்த மூக்குக்கண்ணாடிகளை யாரும் எண்ணவில்லை. எட்டுப் பற்களில் இரண்டு அவருடைய சொந்த மச்சானின் வாயிலிருந்தவை. அந்த மச்சான்தான் பஸ்ஸின் கண்டக்டர்.

டிரைவரின் கொள்கை தெளிவானது. ஓடும்போது பஸ் ஓட வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இழுபறி கூடாது. ஆகவே நிறுத்தத்தின் சிவப்புக் கம்பம் பக்கத்தில் வந்த பிறகுதான், தேளை நசுக்குகிறவர் மாதிரி, பிரேக்கை மிதிப்பார். வண்டி நின்ற பின்னும் காலை எடுக்க மாட்டார், தேள் மறுபடி எழுந்துவிடலாம் அல்லவா. பயணிகள் கூட்டாக முன்னே பாய்ந்து, கூட்டாகப் பின்னே வந்து விழுவார்கள். அதன்பின் யார் யார் மேல் விழுந்தார் என்ற விசாரணை, அறை, பதில் அறை, சட்டைப் பட்டன்கள். வாதம் நீண்டால் முடித்துவைக்க டிரைவரின் சீட்டுக்கு அடியில் முழங்கை நீள ஸ்பானர் ஒன்று இருந்தது.

தினசரிப் பயணிகள் பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். கம்பம் கண்ணில் பட்டதும் கண்டக்டர், "சாய்!" என்று குரல் கொடுப்பார். மொத்த பஸ்ஸும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாயும்.

கல்லூரியில் பௌதிகம் நடத்தும் டீச்சருக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது. முதல் நாள் பயணம். எல்லோரும் சாய்ந்தபோது அவர் மட்டும் நிமிர்ந்து நின்றார். கம்பியில் வாய் மோதி முன்பல் கையோடு வந்துவிட்டது. அவர் அழவில்லை. பல்லைக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தார். அதே பையிலிருந்து எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து டிரைவரின் மண்டையில் போட்டார். டிரைவர் ஸ்பானரை எடுத்தார். சமாதானம் பேச நடுவில் புகுந்த கண்டக்டருக்கு இரண்டும் கிடைத்தன.

மறுநாள் டிப்போவில் விசாரணை. நெற்றியில் கட்டுடன் டிரைவர் ஒரு பக்கம், உதடு வீங்கிய டீச்சர் மறுபக்கம்.

"வேகமா வந்தாராம்மா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். முப்பதுலதான் வந்தார்."

"அப்புறம் எதுக்குப் புகார்?"

"ஜெர்க்குக்கு."

டிரைவர் சிரித்தார். "பஸ்ஸுன்னா ஜெர்க் அடிக்கும். வேணாம்னா வீட்டு சோபாவுல உக்காந்து போங்க."

"நீங்க சொல்ற அதே ஜெர்க்குதான். அதுக்கு எங்க பாடத்துல அளவே இருக்கு. இடம் மாறுறது வேகம். வேகம் மாறுறது முடுக்கம். அந்த முடுக்கம் எவ்வளவு சட்டுனு மாறுதோ, அதுதான் ஜெர்க். பிரேக்கை மெதுவா ஏத்தினா உடம்பு தயாராயிடும். நீங்க ஒரே மிதி. அப்புறம் வண்டி நின்ன நொடியில இழுவை சட்டுனு காணாம போகுது, ஆள் பின்னால விழறான். நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி காலை லேசா தளர்த்தணும். பத்தொன்பது வருஷமா இது தெரியாதா?"

மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம், பத்து நிறுத்தம். டீச்சரின் செல்போன் முடுக்கத்தைக் கோடாக வரையும். கோடு ஒரே ஒரு தடவை செங்குத்தாக எகிறினாலும் டிரைவர் இறங்கி வண்டி கழுவும் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான்.

"கொட்டகைக்குப் போனா அப்படியே அங்கயே படுத்துக்க. இந்தப் பக்கம் வந்துராத" என்றார் வீட்டில் டிரைவரின் மனைவி.

டிரைவர் மூன்று நாள் விடியற்காலையில் காலி பஸ்ஸை ஓட்டிப் பழகினார். ஏற்று, தளர்த்து, நிறுத்து. வண்டி நின்றதே தெரியாமல் நின்றது. ஆளில்லாத பஸ்ஸில் அது யாருக்கும் தெரியவுமில்லை.

வெள்ளிக்கிழமை செல்போனைக் கம்பியில் கட்டினார்கள். வழக்கமான கூட்டம். எல்லோரையும் பார்வையிட வசதியாக மேனேஜர் கடைசியில் நின்றார். குரல் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவுப்படி கண்டக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் சிவப்புக் கம்பம் தெரிந்ததும் நாற்பது முதுகுகள் தாமாகவே சாய்ந்தன, வரப்போகும் குலுக்கலை எதிர்பார்த்து.

அது வரவில்லை.

நாற்பது பேரும் மல்லாந்து மேனேஜர் மீது விழுந்தார்கள். அடியிலிருந்து அவருடைய தோளெலும்பு முறிந்த சத்தமும், அதைத் தொடர்ந்து அவருடைய குரலும் வந்தன: "ஜெர்க்! ஜெர்க்! இறக்குங்கடா அவனை!"

டீச்சர் செல்போனைப் பார்த்தார். தமது பல் போன இடத்தையும் நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "கோடு மெதுவா ஏறி மெதுவா இறங்குது சார். ஜெர்க் இல்ல."

"அப்ப நான் எப்படிம்மா விழுந்தேன்?"

"நீங்க விழல. உங்க மேல விழுந்தாங்க. அது வேற பாடம்."

ஆஸ்பத்திரி பத்தாவது நிறுத்தத்தில் இருந்தது. மேனேஜரைக் கடைசி சீட்டில் கிடத்தி அதே பஸ்ஸில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வண்டி பூப்போல நின்றது. ஒவ்வொரு கம்பத்திலும் ஜனங்கள் சாய்ந்து, சரிந்து, எழுந்து, பக்கத்திலிருந்தவரை அறைந்தார்கள். ஆறாவது நிறுத்தத்தில் ஒரு குடை முறிந்தது. எட்டாவதில் இரு சம்பந்திகள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். கோடு மட்டும் அசையாத யோகியாக ஏறி இறங்கியது.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மேனேஜர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். டிரைவருக்கு சீட் உறுதியாயிற்று.

வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கண்டக்டர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"மாமா, பத்தொன்பது வருஷம் ஜெர்க் அடிச்சீங்க, ரெண்டு பல்லு போச்சு. இன்னைக்கு ஒரு நாள் அடிக்கல, மூணு."

"நாளையிலிருந்து சாயாத மாப்ள" என்றார் டிரைவர், மிகுந்த பரிவோடு.