ஆனைக்கொம்பனும் எருமையும்

நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளை ஆராய்வது அம்மாவின் வேலை. நாங்கள் தெலுங்கு பேசும் ஊரான மல்காஜ்கிரியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில், அப்பா ரயில்வே வேலையாக வெளியூர் போயிருந்ததால், ஞாயிறுதோறும் அம்மா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வெளியே ஒரு குளத்துக்குப் போவாள். கரையோரச் சேற்றில் காட்டு நெல் மண்டிக் கிடக்கும். அதன் குருத்துக்குள் ஆனைக்கொம்பன் ஈயின் புழு இருந்தது. புழு புகுந்த தண்டு கதிர் விடாது. வெங்காயத் தாள் போல வெளுத்துக் குழலாகிவிடும். அம்மா அந்தக் குழல்களை எண்ணி நோட்டில் எழுதுவாள்.

பக்கத்து வயல்காரம்மா எனக்கு உப்பு தடவிய மாங்காய் தருவார். முந்தின வருஷம் அவருடைய பயிரில் பாதியை இந்த ஈதான் அழித்திருந்தது.

"இப்போ வயல்ல நெல்லே இல்லியே, பூச்சி எங்கேம்மா போச்சு?" என்று கேட்டேன்.

"இந்தக் காட்டு நெல்லுலதான் தங்கியிருக்கு. மழை வந்ததும் ஈயாப் பறந்து அந்தம்மா வயலுக்குப் போயிடும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜூன் முதல் ஞாயிறு, அம்மா வயல்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் எண்ணுவதற்காகக் குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்த அத்தனை தூர்களையும் வேரோடு பிடுங்கிக் குளத்தில் எறிந்தேன். உள்ளங்கையெல்லாம் கீறல்.

"எல்லாம் புடுங்கிட்டேன்மா. இனிமே பூச்சி ராது" என்றேன், தமிழும் தெலுங்குமாக.

அம்மா செருப்போடு தண்ணீரில் இறங்கி, மிதந்த தண்டுகளை ஒவ்வொன்றாக அள்ளினாள். வயல்காரம்மா என் தலையைத் தடவி, "மஞ்சி பனி சேஸ்னவ் பிட்டா" என்றார். நல்ல காரியம் செய்தேனாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே வரி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எருமைகள் மேய்ந்து செடிகள் அழிந்துவிட்டன என்றிருந்தது.

"நான்தானே புடுங்கினேன்? ஏன் எருமைன்னு எழுதுறே?"

"போய்க் கையைக் கழுவு."

என் பெருமையை ஒரு எருமைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று அன்று சாப்பிடாமல் அழுதேன்.

ஆவணியில் வயல்காரம்மாவின் பயிரில் மறுபடியும் வெள்ளைத் தண்டுகள் வந்தன. அடுத்த வருஷம் அம்மா வேறொரு குளத்தில் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். பூச்சி வயலுக்குத் தாவப்போகும், மழைக்கு முந்தின அந்தச் சில வாரங்களுக்காகத்தான் அவள் எட்டு மாதம் எண்ணி வந்திருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்ணால் பார்க்காத ஒன்றை அவள் தன் நோட்டில் எழுதியது அந்த ஒரு தடவைதான் என்பதும் தெரியாது.