அலுமாரிக்குள் இருந்த கனடா ஒயில்

மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில் விடவேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. பொம்பிளைக்கு ஒயிலைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். இந்த விஷயத்தை என்னைப் போலப் பட்டுத் தெரிந்துகொண்டவள் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை.

எங்கள் ஊர், புளியங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுப் பக்கம் போகிற வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் வருகிற குடியேற்றத் திட்டம். எல்லாருக்கும் வயல்தான் பிழைப்பு. காலையில் ஒரு பஸ் இருக்கிறது, வந்தாலும் வரும். என் மோட்டார் சைக்கிள் முன்பள்ளியில் படிப்பித்த சம்பளத்தில் நான் வாங்கியது. கிளச் பிடித்துக் கியர் மாற்றி ஓடுகிற சைக்கிள். புளியங்குளத்துக் கராச்சில் வழக்கமாக விடுகிற ஒயிலைத்தான் விடுவேன், ஆறு வருஷமாக ஒரு கரைச்சலும் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம்.

என் மனுசனின் தமையன் கனடாவில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு பெட்டி கப்பலில் அனுப்புவார். உடுப்பு, சொக்கிளேற், சவர்க்காரம், தைலம். போன வருஷப் பெட்டியில் துவாய்க்குள் சுற்றி ஒரு பெரிய போத்தல் ஒயிலும் வந்தது. 'மோட்டார் சைக்கிளுக்கு, நல்ல சாமான்' என்று ஒரு துண்டும் ஒட்டியிருந்தது. பார்க்கத் தேன் மாதிரி இருந்தது. வெளிநாட்டுச் சாமானை எங்கள் ஊரில் யாரும் உடனே பாவிக்க மாட்டார்கள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவோம், நல்ல காரியம் வரும்போது எடுப்போம். சவர்க்காரம் வாசம் போன பிறகுதான் எங்கள் முகத்தில் படும். ஒயிலும் என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் எட்டு மாதம் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மனுசன் கதவைத் திறந்து காட்டுவார். வெட்கக்கேடு.

அந்த நல்ல காரியம் என் அக்காவின் காணி விசாரணை. அக்காவின் கணவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த பிறகு, அரசாங்கம் அவர் பெயரில் கொடுத்த வயல் பெமிட்டைத் தன் பெயருக்கு மாற்ற அக்கா மூன்று வருஷமாக அலைந்தாள். இடையில் அவருடைய தம்பி, வயலைச் செய்தது நான்தான் என்று ஒரு கடிதம் போட்டார். ஒருநாளும் மண்வெட்டி பிடிக்காத மனிதர்! கடைசியில் இரண்டு பேரையும் முல்லைத்தீவுக் காணிக் கந்தோருக்கு வரச்சொல்லி அறிவித்தல் வந்தது. காலை ஒன்பது மணி. மூலப் பத்திரங்களோடு நேரில் வரவேண்டும். வராவிட்டால், வந்தவர் சொல்வதைப் பதிந்துகொண்டு விசாரணையைத் தள்ளிவைப்பார்கள்.

"நான் பஸ்ஸில போறன்" என்றாள் அக்கா.

"என்ர சைக்கிள் நிக்கேக்க உனக்கென்ன பஸ்?" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் முன்பள்ளியால் வந்தால், மனுசன் கையெல்லாம் கறுப்பாக முற்றத்தில் நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இஞ்சேரும், உமக்குக் கனடா ஒயில் மாத்தி விட்டிருக்கிறன். நாளைக்குப் பாரும், பறக்கும்."

நான் என்ன செய்தேன்? பல்லைக் காட்டினேன். போத்தலை வாங்கி மணந்தும் பார்த்தேன். அதிலே காரின் படம் போட்டிருந்ததை நானும் கண்டேன். வடிவான கார். எங்களுக்கெங்கே உறைத்தது!

விடிந்ததும் வெளிக்கிட்டோம். அக்கா கலியாணங்களுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, பத்திரப் பையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். முதல் அரை மணித்தியாலம் நன்றாகத்தான் ஓடியது. எஞ்சின் சூடானதும் பிடித்தது சனியன். அக்சிலேற்றரைத் திருகினால் எஞ்சின் குழறுகிறது, சில்லு நகர மாட்டேன் என்கிறது. கியரைக் குறைத்தேன். அதற்கும் குழறல்தான். வீதி திருத்துகிறோம் என்று மணலைக் கொட்டி வைத்திருந்த இடத்தில் அடியோடு நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். அக்காவின் சேலைக் கரையெல்லாம் செம்மண்.

அப்போதுதான் பஸ் வந்தது. வராத பஸ், அன்றைக்கென்று பார்த்து வந்தது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று, "வாறீங்களோ அக்கா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "நில்லக்கா, இது இப்ப சரியாயிடும்" என்றேன். பிறகு கொண்டக்டரிடம், "இல்லையண்ணை, நீங்கள் போங்கோ" என்றேன். நாசமாய்ப் போவாள், நான்தான் சொன்னேன். என் சைக்கிள் என்னைக் கைவிடாது என்ற திமிர். காட்டு வீதியில் தனியாக விட்டுப் போனால் களவு போய்விடும் என்ற பயமும்தான். அக்காவைத் தனியே ஏற்றி அனுப்பியிருக்கலாம் என்று, பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

தள்ளியும் ஓடியுமாக அடுத்த சந்திக்குப் போனபோது மணி ஒன்பதரை. அங்கிருந்த கராச்சுக்காரர் ஒயிலைத் தொட்டு இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு ஆம்பிளையிடம், "ஆர் இதுக்குக் கார் ஒயில் விட்டது?" என்று கேட்டார்.

"சைக்கிள் என்ர. என்னோட கதையுங்கோ" என்றேன். என் குரல் வீதிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

பிறகு ஒழுங்காகச் சொன்னார். காரின் கிளச் வேறாக, ஒயில் படாமல் இருக்கும். மோட்டார் சைக்கிளின் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே குளித்துக்கொண்டிருக்கும். காருக்கென்று செய்கிற சில ஒயில்களை வழுக்க வேண்டும் என்றே செய்கிறார்கள். அதை இங்கே விட்டால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். இரண்டு பேர் ஏறினால், மணலில் இறங்கினால், இன்னும் வழுக்கும்.

"விலை கூடின ஒயில்தான் அக்கா. ஆனா இதுக்குரியதில்லை. போத்தலில எம்.ஏ. எண்டு ரெண்டு எழுத்து இருக்கோ எண்டு பார்த்து வாங்குங்கோ. தடிப்பு நம்பர் உங்கட சைக்கிள் புத்தகத்தில கிடக்கும்."

அந்தப் புத்தகம் ஆறு வருஷமாக என் சீற்றுக்குக் கீழே பொலித்தீன் பையில் கிடந்தது. தமிழில் ஒரு எழுத்துமில்லை என்று நான் விரித்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு விரித்தேன். ஒயில் படத்துக்குப் பக்கத்தில் நம்பரும் அந்த இரண்டு எழுத்தும் கொட்டை எழுத்தில் இருந்தன. எட்டு மாதம் அலுமாரியைத் திறந்து திறந்து பார்த்தோமே, ஒரு தரம் சீற்றைத் தூக்கிப் பார்த்தோமா?

அவர் கார் ஒயிலை வடித்துச் சரியான ஒயில் விட்டுத் தந்து, முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அக்காவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம். கணவரின் தம்பி சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு ஒன்பதுக்கே வந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப் போயிருந்தார். "அடுத்த விசாரணைக்குக் கடிதம் வரும். அதுவரைக்கும் ரெண்டு பகுதியும் வயலுக்குள்ள இறங்கக்கூடாது" என்றார் மேசையில் இருந்தவர். அக்கா செம்மண் சேலையோடு நின்று, "ஓம் ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தை அயலே பார்த்தது. மிச்ச ஒயிலை முற்றத்தில் ஊற்றினேன். "அண்ணா நல்லதுக்குத்தானே அனுப்பினவர்" என்று மனுசன் முணுமுணுத்தார். வெறும் போத்தல் அவர் காலடியில் போய் விழுந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

காலபோகம் தொடங்கியது. ஊரெல்லாம் விதைத்தது. அக்காவின் வயல் மட்டும் புல் மூடிக் கிடந்தது. கடிதம் வரவில்லை. அக்கா மற்றவர்களின் வயலில் களை பிடுங்கக் கூலிக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியில் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. மனுசன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒயில் எப்பிடி, சைக்கிள் பறக்குதோ?" என்று தமையன் கேட்டார்.

"சுப்பர் சாமான் அண்ணா" என்று இவர் வாய் கூசாமல் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

எவ்வளவு நாள் இந்தக் கதைக்குக் காத்திருந்தேன்! என்ன என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லுச் சொல்லாக வைத்திருந்தேன். அப்போது என் சின்னவள் அவர் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அடுத்த பெட்டி கட்டுகிற மாதம் அது.

"ஓம் அத்தான், நல்லாயிருந்தது" என்றேன்.

"அப்ப இந்த முறையும் ரெண்டு போத்தல் வைக்கிறன்" என்றார் அவர் சந்தோஷமாக.

அக்கா கத்தியை நிறுத்தவில்லை. மீனிலிருந்து தலையையும் தூக்கவில்லை.

"மூண்டாக வைக்கச் சொல்லு" என்றாள். "ஒண்டை என்ர வயலுக்கு ஊத்துவம்."