ஸ்பனரைப் பிடுங்கிய கை

யாழ்ப்பாணக் கடலில், எங்கள் நயினாதீவுக்கும் எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடும் படகுகளில் என் கை படாத எஞ்சின் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெடுந்தீவிலிருந்துகூட, ஓடாத படகை இன்னொரு படகில் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவே இருந்தாலும் பொய்யில்லை.

என் மகள் என்னோடு எட்டு வருடம் வேலை செய்தவள். பெண்பிள்ளைக்கு என்ன எஞ்சின் வேலை என்று கேட்டவர்களின் படகுகளையும் அவள்தான் திருத்திக் கொடுத்தாள். கனடாவில் ஒரு சமூகக் கல்லூரியில் படகு எஞ்சின் படிக்க அவளுக்கு ஆசை. என் தமையனின் மகன் அங்கே இருக்கிறான். இங்கே வீடு வீடாகக் கரண்ட் வேலை செய்தவனை, அங்கே மறுபடியும் இரண்டு வருடம் படித்த பிறகுதான் வயரைத் தொட விட்டார்களாம். ஜேர்மனியில் இருக்கும் என் தங்கை, தண்ணீர்க்குழாய் பூட்டுகிறவனும் அங்கே வருடக்கணக்கில் படித்திருக்க வேண்டும் என்கிறாள். எனக்கு அதெல்லாம் சிரிப்பாக இருந்தது. கடதாசியா எஞ்சினை ஓட்டப்போகிறது?

கல்லூரி மகளுக்கு இடம் தருவதாகச் சொல்லி, தொழில் தெரியும் என்பதற்கு இங்குள்ள சான்றிதழ் ஒன்றை மட்டும் மூன்று மாதத்துக்குள் கேட்டது. பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களுக்கும் அது கிடைக்கும். பரிசோதகர் வேலைத்தலத்துக்கே வந்து, செய்யச் சொல்லிப் பார்ப்பார்.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஒரு படிவம். ஓடாமல் நின்ற டீசல் எஞ்சினைக் காட்டி மகளிடம், "என்ன பிழையெண்டு நீரே பார்த்துத் திருத்தும்" என்றார்.

அவள் முதலில் எண்ணெய்த் தாங்கியைப் பார்த்தாள். பிறகு பில்டரைக் கழற்றித் துடைத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரப்படாமல், ஆறுதலாக. எனக்கோ அப்போதே தெரிந்துவிட்டது, டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது.

"காத்து, பிள்ளை, காத்து!"

"அப்பா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

"ஐயா, அவவைச் செய்ய விடுங்கோ" என்றார் பரிசோதகர்.

"தம்பி, நீர் பிறக்க முதலே நான் எஞ்சின் பூட்டினனான்."

அதோடு நின்றிருக்கலாம். பட்டறைக்கு முன்னால் இறங்குதுறையில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ன அண்ணை, மகளுக்கு ஒண்டும் பழக்கேல்லையோ?" என்று ஒருவன் சீண்டினான். ரோசம் வந்துவிட்டது. அவள் கையிலிருந்த ஸ்பனரைப் பிடுங்கினேன். குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, இறுக்கி, கைப்பிடியைச் சுற்றினேன். ஒரே சுற்று. கரும்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியது. நின்றவர்கள் கை தட்டினார்கள்.

மகள் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எஞ்சின் ஓடுது, ஐயா. ஆர் செய்ததெண்டு நான் எழுதுறது?" என்றார் பரிசோதகர்.

"நான் செய்தாலென்ன, என்ரை பிள்ளை செய்தாலென்ன? நான் பழக்கின கைதானே!"

"உங்களுக்கெண்டால் இப்பவே எழுதித் தரலாம். அவவுக்கு ஏலாது."

சோதிக்க வேறு எஞ்சின் அன்று அங்கே இல்லை. அவருக்கும் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி அவர் தீவுக்கு வர ஐந்து மாதம் ஆனது. அந்த முறை நான் விடியவே குறிகட்டுவானுக்குப் போய்ப் பின்னேரம் வரைக்கும் அங்கேயே இருந்துகொண்டேன். மகள் சோதனையில் சித்தியடைந்தாள். ஆனால் கல்லூரி கொடுத்த தவணை அதற்கு முன்பே முடிந்திருந்தது. திரும்பவும் விண்ணப்பித்தாள், இடம் இல்லை என்றார்கள். சான்றிதழ் அலுமாரியில் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன் நான். "அடுத்த வருசம் பார்ப்பம்" என்று மட்டும் சொன்னேன். "ஓம் அப்பா" என்றாள். அவள் என்னோடு கோபித்ததில்லை, சத்தம் போட்டதில்லை.

இன்றைக்கும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். அவள் குனிந்து வேலை செய்யும்போது நான் கிட்டப் போனால், உடனே நிமிர்ந்து ஸ்பனரை என்னிடம் நீட்டுகிறாள்.

"நீயே செய் பிள்ளை" என்கிறேன். அவள் நீட்டிய கையை மடக்குவதில்லை.