இரவல் தொண்டை

தான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதே வேலையாக உள்ளவர் நாடகக் கொட்டகையில் ஒருவர் உண்டு, அவர்தான் பிராம்ப்டர். நடிகர் வசனத்தை மறந்துவிட்டுக் கூரையைப் பார்க்கும்போது, பக்கத் திரைக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்று அடுத்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்களிலும் எத்தனையோ பேர் சபா, சங்கம், சமாஜம் என்று ஏதாவது ஒன்றில், 'ஒரே ஒரு மாசம்' என்ற பேச்சை நம்பி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் பி.ஏ. முடித்துவிட்டு மாதுங்காவில் வீட்டோடு இருந்தேன். நாலு பேர் எதிரே பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வட்டாரத்து நாடக சபாவின் காரியதரிசி அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பா என் கூச்சத்தைப் பற்றி அவரிடம் குறைப்பட்டுக்கொண்டபோது மாமா சொன்னார்: "அதனால என்ன? ஒளிஞ்சுண்டு பண்ற உத்தியோகம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு!"

முதல் வரிசை

டிராம் நின்றுபோன மறு வருஷம் அது. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஹாலில் எங்கள் நாடகம். முன்னால் இரண்டு வரிசையில் ஆட்கள். அதற்குப் பின்னால் வெறும் நாற்காலி முதுகுகள். தமிழ்ப் படக் காட்சி இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு வரிசையும் ஒன்றாகிவிடும்.

கதாநாயகன் ஒரு பாங்கு குமாஸ்தா. அன்று முதல் காட்சியிலேயே அவருக்கு வசனம் போய்விட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். ஆள் நிறைந்த ஹாலில் என் குரல் மேடையைத் தாண்டாது. காலி ஹாலில் தகரத்தில் பட்டு எல்லார் காதிலும் விழுந்தது. நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை என்று நாடகம் முழுவதும் இரட்டிப்பாக நடந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி, எங்கள் கமிட்டியில் மூத்தவர், இடைவேளையில் எழுந்து மாமாவிடம் சொன்னார்: "உள்ளே இருக்கிற பொண்ணு பேசறது ஸ்படிகமா இருக்கு ஓய், மேடையில நிக்கறவாளை வேணும்னா உள்ளே போகச் சொல்லும்!"

வியாழக்கிழமை விரதம்

மாதுங்கா வராவிட்டால் தாராவியைக் கூப்பிடுவது என்று கமிட்டி தீர்மானித்தது. அங்கிருந்து இளைஞர்களைச் சேர்த்து இலவசமாக நாடகம் சொல்லிக் கொடுத்தால், அவர்களைப் பார்க்க உறவுக்காரர்கள் வருவார்கள், நாற்காலி நிறையும். கூட்டத்தில் பேசியது இவ்வளவுதான். அதை மினிட்ஸ் புத்தகத்தில் 'தாராவி வாழ் தமிழ் இளைஞர்தம் கலை வளர்ச்சிக்காக' என்று எழுதியது நான். எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கூசியது. ஆனால் வாக்கியம் நன்றாக இருந்தது.

மாமாவும் நானும் வீடு வீடாகப் போனோம். தோல் பர்ஸுக்கு ஓரம் தைக்கிற ஒரு வீட்டில் இசக்கி என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நாங்கள் விஷயத்தைச் சொல்வதற்குள் அந்த அம்மாள் எதிர்க் கடைக்கு ஓடி, மூடி திறந்து நுரைத்துக்கொண்டிருந்த இரண்டு கலர் சோடா பாட்டில்களோடு வந்துவிட்டாள்.

மாமா, இப்போதுதான் காபி சாப்பிட்டதாகச் சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டார். அவர் ஏன் குடிக்கவில்லை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். பாட்டில் என் பக்கம் திரும்பியது. நல்ல தாகம். குடித்தால் மாமா வீட்டில் போய்ச் சொல்வார் என்று நினைத்தேன். "எனக்கு வியாழக்கிழமை விரதம்" என்றேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. இரண்டு பாட்டிலையும் ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்குப் புதன்கிழமைல்லா, தாயி."

வயிற்றில் ஒரு கோடு

அப்படியும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தமிழ் பேசுவார்கள்; வாசிக்க வராது. எல்லாரும் முனிசிபல் ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அதனால் தமிழ் வசனத்தை நான் ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதுவது ஒரு பெரிய சேவை என்று எனக்குள் ஒரு நினைப்பு.

பட்டறையில் வேலை செய்கிற முத்தையாதான் கதாநாயகன். வில்லனைப் பார்த்து "அடப் பாவி!" என்று கர்ஜிக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு தடவையும் "அட பாபி!" என்றான். பாபி என்றால் ஹிந்தியில் அண்ணி. வில்லனாக நின்ற பையன் முக்காடு போட்டுக்கொண்டு வெட்கப்பட, ஒத்திகை நின்றுபோனது. எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து, "தாராவி நாக்கு திருந்தவே திருந்தாதா?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது. முத்தையா என்னிடம் தாளை நீட்டினான். ஹிந்தி 'வ'வின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கோடு போட்டால் அது 'ப' ஆகிவிடும். அவசரத்தில் கோட்டைப் போட்டிருந்தது நான்தான். அவன் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "காலி பீலி சும்மா ஏசாதீங்க டீச்சர். கோட்டை அழிச்சுத் தாரீங்களா, இல்ல அண்ணியையே வச்சுக்கிடவா?"

கலெக்டர் மகள்

இசக்கிக்குத் தாளே வேண்டாம். ஒரு தடவை கேட்டால் போதும், காட்சி முழுவதும் வந்துவிடும். தன் வசனம் மட்டுமல்ல, எதிரே நிற்கிறவன் வசனமும் அவளுக்குத் தெரியும். அவளைப் போல இரண்டு பேர் இருந்தால் பிராம்ப்டர் வேலையே ஒழிந்துபோகும். அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்கிற கலெக்டர் மகள் வேஷம் அவளுக்கு.

நாடகத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா ஞாயித்துக்கிழம வருவாருக்கா. வந்ததும் படுத்துருவாரு. நான் என்ன சொன்னாலும் 'உம்'பாரு, திரும்பிப் படுப்பாரு. நாடகத்துல ஒளிச்சு ஓட முடியாதுல்லா? நான் பேசுதத முழுசா கேட்டுத்தான் ஆவணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் கமிட்டி ஒத்திகை பார்க்க வந்தது. 'சொல்கிறேன்' என்று புத்தகத்தில் இருந்ததை அவள் 'சொல்லுதேன்' என்றாள். ரயில்வே பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். "கலெக்டர் பொண்ணு 'சொல்லுதேன்'ம்பாளா?" என்றார். "ஏன், கலெக்டரு எங்க ஊர்க்காரரா இருக்கப்படாதா?" என்று இசக்கி கேட்டாள். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் பெரியவரே வழி சொன்னார்: இசக்கி வாயை மட்டும் அசைக்கட்டும், திரைக்குப் பின்னாலிருந்து நான் மைக்கில் பேச வேண்டியது.

மாமா என் பக்கம் திரும்பி, "நீதானே தினம் கேட்கிறே? அவ பேச்சு மேடைக்குச் சரிப்படுமா, படாதா? சொல்லு" என்றார். சரிப்படும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். இசக்கி என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். "நீங்க எல்லாரும் எப்படிச் சொல்றேளோ அப்படி" என்றேன். கூச்சத்தால் அப்படிச் சொன்னேன் என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்தார்கள். உண்மை அது மட்டுமில்லை. என் முகம் தெரியாமல் என் குரல் ஊருக்குக் கேட்கப்போகிறது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மாமா கை தட்டி முடித்து வைத்தார்: "ரெண்டு குழந்தைகளுக்கும் நியாயமாப் போச்சு, முகம் அவளுக்கு, குரல் உனக்கு!"

ஹவுஸ் ஃபுல்

அன்று ஹால் நிறைந்தது. தாராவியிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மாமா வாசலுக்கும் மேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததே இல்லை. இசக்கியின் அப்பா ஃபாக்டரிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. பக்கத் திரையின் இடுக்கு வழியாக எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

இசக்கி மேடைக்கு வந்து வாயை அசைத்தாள். நான் பேசினேன். இரண்டு வசனம் போனது. மூன்றாவது வசனத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஏட்டி இசக்கி! தொண்ட கட்டிருக்காட்டி? யாருட்டி ஒனக்குப் பதிலா பேசுதது?" என்று சத்தமாகக் கேட்டார். கேலி இல்லை. பெண்ணுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்த குரல்.

இசக்கி என் பக்கம் திரும்பினாள். மைக்கை அவளை நோக்கி ஓர் அடி தள்ளினால் போதும். நான் புத்தகத்தில் விரல் வைத்திருந்த இடத்தில் அடுத்த வரி இருந்தது. அடுத்த வரியைச் சொல்வதுதானே என் வேலை? சொன்னேன்: "அப்பா, இதை நானே என் வாயால் சொல்கிறேன், கேளுங்கள்!"

தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். இசக்கி வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் உதடு பிரியவே இல்லை. நிமிர்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி என் குரல் காட்சி முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தது, நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அவள் அப்பா ஆட்களின் கால்களைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். முதல் வரிசையிலிருந்து ரயில்வே பெரியவர் திருப்தியாகச் சொன்னது மேடைக்கே கேட்டது: "இன்னிக்குத்தான் ஓய் ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழறது!"

மறுபடியும் கலர்

அடுத்த வாரம் நான் தனியாகத் தாராவிக்குப் போனேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே போனேன். வழி முழுவதும், சொல்ல வேண்டியதை வசனம் மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெயிலில் தொண்டை வறண்டுவிட்டது. இசக்கி பர்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று பாயைத் தட்டிப் போட்டாள். நான் பாடம் பண்ணிக்கொண்டு வந்த வரி வரவில்லை. "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம வந்தாரு. படுத்துட்டாரு" என்றாள்.

பிறகு அவளே, "அந்தக் காட்சியச் சொல்லிக் காட்டட்டாக்கா?" என்று ஆரம்பித்தாள். கலெக்டர் மகளின் தமிழ், ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. அது என் குரல். நீள வசனத்துக்கு முன்னால் நான் எச்சில் விழுங்குவேன் என்று எனக்கே தெரியாது. அவள் விழுங்கிக் காட்டினாள். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இசக்கி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அதே வரியைத் தன் குரலில் சொன்னாள். "அப்பா, இத நானே எவ் வாயால சொல்லுதேன், கேளுங்க." நான் சொன்னபோது அது ஒரு வசனம். இவள் சொன்னபோது, இதைச் சொன்னால் அடி விழும் என்று தெரிந்தே சொல்கிற ஒரு பெண் அங்கே இருந்தாள்.

"இப்படி ரெண்டு விதமாவும் பேச வரும்னு அன்னிக்கு ஏன் சொல்லலே?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் குற்றத்தை அவள் பக்கம் தள்ளத்தான் எனக்கு வந்தது. இசக்கி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நீங்க சொல்லுவீயன்னு நெனச்சேன்க்கா" என்றாள்.

அதற்குள் அவள் அம்மா எதிர்க் கடைக்குப் போய்விட்டு வந்தாள். கையில் இரண்டு கலர் பாட்டில். ஒன்றை மகளிடம் கொடுத்தாள். நான் கையை நீட்டிவிட்டேன் என்றே நினைக்கிறேன். மற்றதைத் தன் வாயருகே கொண்டுபோன அந்த அம்மாள், என்னைப் பார்த்து நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "இன்னைக்கு வியாழக்கிழமைல்லா, தாயி, ஒங்களுக்கு விரதமா இருக்கும்."

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்த எனக்கு, 'மன்னிச்சுக்கோ' என்கிற ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க அன்று பக்கத் திரையில் ஆளில்லாமல் போய்விட்டது.