கால் மில்லிமீட்டர் முன்னால்

சக பல் மருத்துவர்கள் அவருக்குத் 'தாடை டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். அவரோ அதைப் பட்டம் போல வாங்கி வைத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறவர்களின் கீழ்த்தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திக் காற்றுக்கு வழி விடுகிறவள் தான் ஒருத்திதான் என்று அவருக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பு நியாயமானது என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல்.

வருகிறவர்கள் உட்கார்ந்ததும் ஒரே வசனம் சொல்வார்கள்: "நான் குறட்டை விடமாட்டேன் டாக்டர்." பக்கத்தில் மனைவியோ கணவரோ, சாட்சி சொல்லச் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பஸ் ஓட்டுநரும் அதையே சொல்லிக்கொண்டுதான் மனைவியோடு வந்தார். தூக்கப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டதும் டிப்போவில் அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, விசாரணை ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். மறு பரிசோதனையில் தேறினால் பஸ். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை ஜன்னல்தான். மூச்சு நிற்காமலிருக்க இரவில் மாட்டிக்கொள்ளும் காற்று ஊதும் முகமூடி அவருக்கு ஒத்துவரவில்லை.

"எந்த பஸ் எங்க போகும்னு ஊருக்கே சொல்றேன் டாக்டரம்மா. நான் எங்க போவேன்னுதான் தெரியல."

டாக்டர் அச்செடுத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் மாட்டும் கருவியைச் செய்து கொடுத்தார். இரு பக்கமும் சின்னத் திருகு. வாரம் இரண்டு முறை, படுக்கப் போகும்போது அம்புக்குறி காட்டும் பக்கம் ஒரு சுற்று. தாடை கால் மில்லிமீட்டர் முன்னால் வரும். ஓட்டுநரின் விரல்கள் வாழைக்காய் கனம் என்பதால், ஊசி போன்ற சாவியை மனைவி வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது டாக்டர் அளந்து பார்த்தார். கருவி நகரவே இல்லை. ஆனால் திருகின் வாய் மட்டும் தேய்ந்து பளபளத்தது. நகராமலே தேய்ந்த திருகை அவர் அதுவரை கண்டதில்லை.

"திருகறீங்களா இல்லையாம்மா?"

மனைவிக்குச் சுருக்கென்றது. "ஒரு தடவகூட விட்டதில்ல டாக்டர். இவர் வேணா கல்யாண நாளையே மறப்பாரு."

"ஆமா, அவ கரெக்டா போட்டுடுவா," என்றார் ஓட்டுநர். "நானும் மறுநாள் காலைல கரெக்டா எடுத்துடுவேன்."

"எதை எடுப்பீங்க?"

"ராத்திரி போட்டதத்தான். சின்ன இடுக்கியால சாவியப் பிடிச்சு, அந்தப் பக்கமா ஒரு சுத்து. வண்டிய நிறுத்தினா ஹேண்ட் பிரேக் போடறோம். மறுநாள் ரிலீஸ் பண்ணாமயா எடுப்போம்?"

மனைவி அவரை நிதானமாகப் பார்த்தார். "இத்தன வருஷக் குடித்தனமும் இப்படித்தானே நடந்திருக்கு. நான் முன்னால தள்ள, நீங்க பின்னால இழுக்க."

டாக்டர் சிரிக்கவில்லை. இரவில் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கியவருக்கு, காலையில் என்ன செய்யக்கூடாது என்று சொல்லத் தோன்றவில்லையே. மறு பரிசோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லி டிப்போவில் தாமே பேசினார். சாவி மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு தாடை நகர்ந்தது. நடுவில் வலித்தபோது டாக்டரே ஒரு சுற்றுப் பின்வாங்கி, சில நாள் பொறுத்து மறுபடி முன்னேறினார். ஒருநாள் மனைவி வேறு புகாரோடு வந்தார். "எனக்குத் தூக்கமே இல்ல டாக்டர். சத்தமே காணோம். இருக்காரா போயிட்டாரான்னு விரல வச்சு வச்சுப் பாக்கறேன்."

டாக்டருக்கு அதைவிட இனிய புகார் எதுவும் வந்ததில்லை. "போதும், இதோட நிறுத்திக்கலாம்," என்றார்.

கருவியோடு நடந்த மறு பரிசோதனையில் ஓட்டுநர் தேறினார். ஜன்னலுக்கு வேறு ஆள் வந்தார்.

ஒரு சாயங்காலம் டாக்டர் வேண்டுமென்றே அவருடைய பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறினார். தம்முடைய வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை. வளைவுகளில் பஸ் எண்ணெய் போல வழுக்கிப் போயிற்று. ஒரு குலுக்கல் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போது போனதென்றே டாக்டருக்குத் தெரியாது.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து கம்பியைத் தட்டி எழுப்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"டாக்டரம்மா, என் வண்டியில இப்படித் தூங்கியிருக்கீங்களே. குறட்டை முன்னால என் சீட்டு வரைக்கும் கேட்டுச்சு."

டாக்டர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"நான் குறட்டை விடமாட்டேன்," என்றார்.