நைனா மடக்கிய விரல்கள்

பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் சித்தப்பா, அம்மாவின் தங்கை புருஷன், எதையும் சும்மா நம்புவதை நிறுத்திவிட்டார். தான் நிறுத்தியதோடு விடாமல் எங்களையும் நிறுத்த வைக்கப் பார்த்தார். திருப்பதியில் அவர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடக்கும். அவரோடு கல்லூரியில் வேலை பார்த்த இருவர், மெடிக்கல் ஷாப்பில் இருந்த ஓர் அக்கா, சித்தி, சித்தி மகன். புத்தூரிலிருந்து பைக்கில் நானும், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி சுடும் மசால் வடைக்காகத்தான் போனேன்.

பயிற்சி எளிமையானது. ஒருவர் தான் நம்புகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதற்கு விரல் நீட்ட வேண்டும். பத்து என்றால் முழு உறுதி. மற்றவர்கள் மறுத்துப் பேசக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். கடைசியில் மறுபடி விரல் நீட்ட வேண்டும். வெயிலில் வந்ததும் மோர் குடித்தால் சளி பிடிக்கும் என்று நைனா பத்து விரலையும் நீட்டினார். அரை மணி நேரம் கேட்டார்கள். அப்போதும் பத்துதான். அடுத்த வாரம் பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்றார், அதற்கும் கடைசிவரை பத்துதான். சித்தப்பாவுக்கு அதில் வருத்தம், எனக்கோ தலை கால் புரியாத பெருமை. எங்க நைனா தோற்கவே மாட்டார் என்று சித்தி மகனிடம் பீற்றிக்கொண்டேன். அதைத் தோற்பது ஜெயிப்பது என்று அங்கே யாரும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும்தான் அப்படிக் கணக்கு வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறன்று சித்தப்பா, மோர், பூனை எல்லாம் போதும், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்லுங்கள் என்றார். நைனா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எங்க அப்பா செத்தப்ப என் தங்கச்சி வேணும்னேதான் எனக்குச் சொல்லல" என்றார். பத்து விரல்.

வடை தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தாத்தா கடைசிக் காலத்தில் ஏர்பேட்டில் அத்தை வீட்டில் இருந்தார். வேறு யாரோ சொல்லி நைனா அங்கே போவதற்குள் கொள்ளி வைத்து முடித்துவிட்டார்கள். வைத்தவர் அத்தையின் புருஷன், அவருக்கும் நைனாவுக்கும் முன்பே ஆகாது. அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சில்லை.

மெடிக்கல் ஷாப் அக்காதான் கேட்டார். "அன்னைக்கு போன் உங்ககிட்டயே இருந்துச்சா அண்ணா?"

"ஸ்ரீசிட்டி கம்பெனியில டூட்டி. ரெண்டு ஷிப்ட் சேத்து பாத்தேன். போனை கேட்டுலயே வாங்கி வச்சிக்குவாங்க."

"வூட்ல யாரும் இல்லியா?"

"எம் பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு குடுபல்லி போயிருந்தா. அங்க டவர் எடுக்காது. ஆனா வெளிய வந்து பாத்தா என் போன்ல ஒரு மிஸ்டு கால் இல்லமா. ஒண்ணுகூட."

"கேட்டுல குடுக்கறப்ப போன் ஆன்லயே இருக்குமா?"

"இல்ல, ஆப் பண்ணிட்டுதான்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நைனா மறுபடி பத்து விரலையும் நீட்டி அவற்றைப் பார்த்தார். ஒரு விரலை மடக்கினார். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் மடங்க வெகுநேரம் ஆனது. கடைசியில் மூன்று விரல்தான் மீதி நின்றது. சித்தி மகன் என் விலாவில் இடித்து, "உங்க நைனா அவுட்டு" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லார் முன்னாலும் நைனாவின் சட்டையை யாரோ கழற்றிவிட்டது போல இருந்தது. கீழே ஓடிப்போய் பைக்கின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் வந்து தோளைத் தொட்டபோது நகர்ந்துகொண்டேன்.

ரேணிகுண்டாவில் புத்தூர்ப் பக்கம் திரும்ப வேண்டியவர் ஏர்பேட்டுச் சாலையில் திரும்பினார். அத்தை வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். மடியிலிருந்த கடலைத் தோல் கீழே கொட்டியது.

"அன்னைக்கு எனக்கு போன் பண்ணியாமா?" என்றார் நைனா.

"எத்தினியோ வாட்டி பண்ணேன். சுச்சாப்னே வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு மேல இருக்கற கோவத்துல நீ வேணும்னே ஆப் பண்ணி வச்சிகினேன்னு நெனச்சேன்."

"அப்பறமாச்சும் சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?"

நைனா அந்தக் கடலைத் தோலின் மேலேயே உட்கார்ந்து அழுதார். பெரிய சத்தம். எதிர் வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். அவர்கள் என்னையும் பார்த்தார்கள். ஒரே நாளில் இரண்டாவது தோல்வி என்று நினைத்தேன். அத்தை கொடுத்த வெல்லத்தையும் வாங்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நைனா என்றைக்கும் இல்லாமல் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு அது இன்னும் வெட்கமாக இருந்தது.

"இன்னாமா, உம்முனு வர?"

"நீ ஏன் நைனா விரலை மடக்கின?"

விசிலை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நெறைய நாளா நீட்டிகினே இருந்தேன்மா. வலிச்சுது."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்துவந்து அவர் கையை என் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டேன். அவர் சிரிக்காமல் காட்டிக்கொண்டிருந்தார்.

"சரியாப் பூடும் நைனா" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கெழம பத்தும் நீட்டலாம்."